அடுப்பங்கரைப் புகையும் அரசுத் திட்டங்களும்



காற்று கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம் நினைவுக்கு வருவது பஸ்ஸும் லாரியும் ஆலைப் புகைக்கூண்டும்தான். ஆனால் மிஷன் ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்து மூச்சிரைப்போடு வருகிறவர்களைக் கவனித்தால் வேறொரு காரியம் தெரியும். பீடியைத் தொட்டே பார்த்திராத தாய்மார்களுக்கு, பல வருஷம் பீடி குடித்தவரின் நுரையீரல் போன்ற நுரையீரல் இருக்கிறது. அவர்கள் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அல்லர். பலர் நல்ல காற்றோட்டமுள்ள கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். கெட்ட காற்று அவர்களுடைய அடுப்பங்கரையில் இருந்தது.

இது சிறிய விஷயமல்ல. வீட்டுக்குள் எரிக்கும் விறகு, வறட்டி, நிலக்கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் உலகெங்கும் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

உங்கள் காணிக்கையால் ஆஸ்பத்திரிகள் ஆக்ஸிஜன் வாங்குகின்றன, நெபுலைசர் வாங்குகின்றன. அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் தாய் அடுத்த நாள் காலையில் அதே அடுப்பின் முன்தான் உட்காருகிறாள். அந்த அடுப்பை மாற்ற அரசாங்கங்கள் ஐம்பது, அறுபது வருஷமாக முயன்று வந்திருக்கின்றன. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது, “ஏழைக் குடும்பத்துக்கு ஓர் அடுப்பு வாங்கிக் கொடுங்கள்” என்ற வேண்டுகோள் நம்மிடம் வரும்போது மிகவும் உதவும். அப்படிப்பட்ட வேண்டுகோள்கள் வரத்தான் செய்கின்றன.

புகையில் என்ன இருக்கிறது?

விறகு முழுவதும் எரிந்துவிட்டால் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலும்தான். வீட்டு அடுப்பில் அது ஒருபோதும் முழுவதும் எரிவதில்லை. ஈரச் சுள்ளி, தென்னை மட்டை, பருத்திமார், சீமைக்கருவேல், மாட்டுச் சாண வறட்டி என்று எது கிடைக்கிறதோ அது அடுப்புக்குள் போகிறது. காற்று போதாமல் பாதி எரிந்த பொருள்கள் புகையாக வெளியே வருகின்றன. அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீன் போன்றவையும் இருக்கின்றன. இவற்றோடு மிக நுண்ணிய தூசித் துகள்களும் உண்டு.

இந்தத் துகள்களைத்தான் பி.எம். 2.5 என்கிறார்கள். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த குறுக்களவு உள்ளவை என்று அர்த்தம். ஒரு தலைமயிரின் தடிமனை ஏறக்குறைய முப்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு. பெரிய தூசியை மூக்கிலுள்ள மயிரும் சளியும் தடுத்துவிடும். இவற்றைத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கும். அவற்றில் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகை மார்புச் சளியோடு நின்றுவிடாமல் இருதய வியாதிக்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகிறது. விறகுப் புகைக்கும் கண்புரைக்கும் தொடர்பு இருப்பதாக இந்தியாவில் செய்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் நிலக்கரி எரிப்பதால் வரும் புகை புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்றும், விறகு முதலியவற்றின் புகை பெரும்பாலும் உண்டாக்கக்கூடியது என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வரையறை. இந்திய அரசு 2009இல் வெளிக் காற்றுக்கு நிர்ணயித்த அளவு 40. வெளிக் காற்றுக்கு என்பதைக் கவனியுங்கள். தெருவில் அளவு மீறினால் ஒரு வாரியத்தைக் கேள்வி கேட்கலாம். அடுப்பங்கரையில் அளவு மீறினால் யாரைக் கேட்பது? ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அதிகாரி நுழைந்து அளக்கவும் முடியாது, அபராதம் போடவும் முடியாது. வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் அரசுத் திட்டங்கள் எல்லாம் சட்டமாக வராமல் அடுப்பாகவும் எரிபொருளாகவும் மானியமாகவும் வந்ததற்கு இதுவே காரணம்.

முதலில் கண்டுகொண்டவர்கள்

1950களில் டில்லியில் பணிசெய்த டாக்டர் எஸ். பத்மாவதி என்ற இருதய நிபுணரை நாம் நினைவுகூர வேண்டும். பர்மாவில் 1917இல் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்து, 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது தப்பி வந்து கோயம்புத்தூரில் அடைக்கலம் பெற்ற குடும்பம் அவருடையது. நுரையீரல் கெட்டுப்போனதால் இருதயத்தின் வலது பக்கம் பழுதாகும் வியாதியை அவர் ஆராய்ந்தார். மற்ற நாடுகளில் அது பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களின் வியாதி. டில்லியிலோ பெண்களுக்கும் அது அதிகமாக வந்தது. அதுவும் ஆண்களைவிட இளம் வயதிலேயே வந்தது. அந்தப் பெண்களில் புகைபிடிப்பவர்கள் மிகச் சிலரே. அடுப்புப் புகையின்மேல் அவருடைய சந்தேகம் விழுந்தது. 2020இல், தமது 103ஆம் வயதில், அவர் காலமானார்.

சந்தேகத்தை அளந்து பார்த்தவர் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். 1980களின் தொடக்கத்தில் அவரும் இந்தியச் சக ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடையிலேயே சிறு கருவியைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார்கள். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக சுமார் 7 மில்லிகிராம் தூசி, அதாவது 7,000 மைக்ரோகிராம். இது எல்லா அளவுத் தூசியும் சேர்ந்த கணக்கு. மேலே சொன்ன நுண்துகள் அளவோடு நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் எந்தத் தொழிற்சாலையிலும் அனுமதிக்கத் தயங்கும் தூசி அது என்பதில் சந்தேகமில்லை. அதன் நடுவில் தினமும் மூன்று மணி நேரம், பல வீடுகளில் மடியில் ஒரு குழந்தையோடு, பெண்கள் வேலை செய்தார்கள்.

புகையில்லா அடுப்பு

நம் வாசகர்களுக்குச் சந்தோஷம் தரும் ஒரு செய்தி இங்கே உண்டு. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ். பி. ராஜு என்பவர் புகைக்குழாய் வைத்த மண் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். கோடிக்கணக்கான எளிய வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை அமைப்பது எப்படி என்று அவர் எழுதிய சிறு நூலை 1950களில் வெளியிட்டது சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். பாட்டுப் புத்தகமும் ஞானபாட நூலும் அச்சிடும் இடத்திலிருந்து ஓர் அடுப்புப் புத்தகமும் வந்திருக்கிறது!

அந்த அடுப்பின் தத்துவம் எளிது. அடுப்பின் வாயில் விறகு எரியும். புகை முதல் பாத்திரத்தின் அடியிலும் பிறகு இரண்டாம் பாத்திரத்தின் அடியிலும் ஓடி, பின்னாலுள்ள குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே போகும். சூடு வீணாகாது, விறகும் மிச்சமாகும்.

இந்திய அரசு 1980களின் நடுவில் இதைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. விலையில் பாதிக்குக் குறையாமல் மானியம் கொடுத்து, 2002 வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட மேம்படுத்தப்பட்ட அடுப்புகளைக் கட்டினார்கள். 2002இல் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தி, வேண்டுமானால் மாநிலங்கள் நடத்தட்டும் என்று விட்டுவிட்டது. மூன்று கோடி அடுப்பு என்பது கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராமங்களுக்குப் போய்த் தேடியவர்கள் கண்டது என்ன? பல வீடுகளில் அடுப்பே இல்லை. இருந்த இடத்திலும் பாதி உடைந்து கிடந்தது. இன்னும் சில வீடுகளில் அதன்மேல் தட்டுமுட்டுச் சாமான் அடுக்கியிருந்தார்கள்.

காரணங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இவை அடுப்புக்கு மாத்திரம் உரிய காரணங்கள் அல்ல.

திட்டத்தின் முதல் நோக்கம் நுரையீரல் அல்ல, காடு. விறகை மிச்சப்படுத்த வேண்டும் என்ற கவலையில் பிறந்த திட்டம் அது. புகை குறைந்தால் நல்லது என்பது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. இத்தனை அடுப்பு கட்ட வேண்டும் என்று மாவட்டத்துக்கு ஓர் எண்ணிக்கை வரும். மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டும். கட்டினால் பணம் வரும். மறு வருஷம் அந்த அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதற்கு யாருக்கும் பணம் இல்லை. அடுப்பின் வாய்களோ ஒரே அளவு. இட்லிப் பானை வைக்கிறவர்களுக்கும் ரொட்டி சுடுகிறவர்களுக்கும் ஒரே அடுப்பு எப்படிப் பொருந்தும்? குழாயில் கரி படியும். அதை மாதந்தோறும் குத்திவிட வேண்டும். யார் குத்துவது, எதைக் கொண்டு குத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூரை வீட்டில் குழாய் போகும் ஓட்டை வழியாக மழை ஒழுகும். தீப்பொறி பட்டுவிடுமோ என்ற பயம் வேறு. கூரையில் செல்லும் பூச்சியும் சேராமல் காப்பது புகைதான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. அந்தக் குழாய்கள் பலவும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. ஒரு தீமையைப் போக்க இன்னொன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தோம் என்று இன்றைக்குச் சொல்லத் தோன்றுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் அந்த அடுப்பின் முன் உட்காரப்போகிற பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

சீனாவில் இதே காலத்தில் நடந்த திட்டம் வேறுவிதமாகப் போனது. 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, பத்தே வருஷத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டினார்கள். செலவின் பெரும்பகுதியை வீட்டுக்காரரே கொடுத்தார். எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே சமயத்தில் பணம் போகவில்லை. முன்வந்து போட்டியிட்ட மாவட்டங்களை எடுத்துக்கொண்டு, கட்டியதைச் சோதித்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனார்கள். யுன்னான் மாகாணத்தின் சுவான்வெய் என்ற ஊரில் பெண்கள் ஏறக்குறைய யாரும் புகைபிடிப்பதில்லை. ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் அங்கே மிக அதிகம். காரணம், வீட்டுக்குள் எரித்த ஒருவகைப் புகைமிகுந்த நிலக்கரி. புகைக்குழாய் இல்லாத தரைக்குழி அடுப்பை மாற்றிக் குழாய் வைத்த வீடுகளில், வருஷங்கள் செல்லச் செல்ல அந்தப் புற்றுநோய் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டு 2002இல் வெளியிட்டார்கள். ஆக, குழாய் பிரயோஜனமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஒழுங்காக வைத்து, ஒழுங்காகப் பராமரித்தால் பலன் உண்டு.

அந்தப் பராமரிப்பு எவ்வளவு கடினம் என்பதை ஒடிசாவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. குழாய் அடுப்பு பெற்ற குடும்பங்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷத்தில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு அடுப்பு விரிசல் விட்டது, குழாய் அடைத்தது, உபயோகம் குறைந்தது, பலனும் மறைந்துபோனது. ஆரோக்கியத்தில் மாற்றம் தெரியவில்லை. 2016இல் வெளியான இந்த முடிவு, அடுப்பு தானம் செய்யும் சங்கங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. குழாய் புகையை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. நெருக்கமாக வீடுகள் உள்ள தெருவில் என் வீட்டுப் புகை உங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வரும். புகையின் தீமை நேர்க்கோட்டில் குறைவதுமில்லை. மிக அதிகமாக இருக்கும் புகையைப் பாதியாக்கினால் வியாதி பாதியாகிவிடாது. மிகவும் கீழே கொண்டுவந்தால்தான் பெரும்பலன் தெரியும். குவாதமாலாவில் நடந்த ஆய்வில் குழாய் அடுப்பால் குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்ஸைடு பாதியாகக் குறைந்தது. ஆனாலும் நிமோனியா மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. கடுமையான நிமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தது. ஆகவே நல்ல விறகு அடுப்பைத் தேடுவதைவிட விறகையே விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

எரிவாயு வந்த கதை

தமிழ்நாட்டில் அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்போடு அடுப்பை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இலவசங்களைப் பற்றி நமக்குள் பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். மருத்துவரின் கண்ணோட்டத்தில், கலர் டிவியையும் கேஸ் அடுப்பையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

2015இல் மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த குழு ஒன்று, காற்று மாசைத் தெருவின் பிரச்சனையாக மட்டும் பார்க்காமல், மக்கள் உண்மையில் எந்தக் காற்றை எவ்வளவு நேரம் சுவாசிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றது. அப்படிப் பார்த்தால் அடுப்பங்கரை பட்டியலின் மேலே வந்துவிடுகிறது. அதே வருஷம், வசதியுள்ளவர்கள் தங்கள் மானியத்தைத் தாங்களாகவே விட்டுக்கொடுக்கும்படி அரசு கேட்டுக்கொண்டது. ஒரு கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. நம் சபைகளிலும் விட்டுக்கொடுத்தவர்கள் இருப்பீர்கள்.

பிறகு 2016 மே 1ஆம் தேதி உத்தரப்பிரதேசத்தின் பலியா என்ற ஊரில் பிரதம மந்திரி உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பத்திலுள்ள வயதுவந்த பெண்ணின் பெயரில் இணைப்பு. டெபாசிட்டுக்கும் ரெகுலேட்டருக்கும் குழாய்க்குமாக ரூ. 1,600 அரசு கொடுத்தது. முதலில் ஐந்து கோடி என்று இலக்கு வைத்து, பிறகு எட்டுக் கோடியாக உயர்த்தினார்கள். 2019 செப்டம்பரிலேயே அதை எட்டிவிட்டார்கள். 2021இல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. மொத்தம் பத்துக் கோடிக்கும் அதிகமான இணைப்புகள். இவ்வளவு குறைந்த காலத்தில் இத்தனை வீடுகளுக்கு எரிபொருளை எட்டச் செய்த வேறொரு திட்டத்தைச் சொல்வது கடினம்.

பலன் கணக்கெடுப்பிலும் தெரிந்தது. சமையலுக்குச் சுத்தமான எரிபொருளை உபயோகிக்கும் குடும்பங்கள் இந்தியாவில் 2015-16இல் நூற்றுக்கு 44 பேர். 2019-21இல் 59 பேர். தமிழ்நாட்டில் இது 73லிருந்து 83 ஆனது. ஜார்க்கண்டில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியே நின்றது.

ஆனால் இந்தக் கணக்கெடுப்பு “முக்கியமாக எந்த எரிபொருள்?” என்று மட்டுமே கேட்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் காப்பிக்கும் குழம்புக்கும் கேஸ். குளிக்க வெந்நீருக்குக் கொல்லையில் விறகடுப்பு. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்க விறகு. விசேஷ நாளில் பெரிய அண்டாவுக்கும் விறகு. அந்த வீடு “கேஸ் உள்ள வீடு” என்றே பதிவாகும்.

2019இல் மத்திய தணிக்கை அதிகாரி கொடுத்த அறிக்கை இதையே தொட்டுக் காட்டியது. இணைப்புப் பெற்று ஒரு வருஷத்துக்கு மேலான உஜ்வலாக் குடும்பங்கள் 2018 மார்ச் நிலவரப்படி வருஷத்துக்குச் சராசரியாக 3.66 சிலிண்டர்தான் வாங்கியிருந்தன. கேஸிலேயே எல்லாச் சமையலும் செய்கிற குடும்பத்துக்கு எட்டுப் பத்துச் சிலிண்டராவது வேண்டும். அப்படியானால் மீதி நாட்களில் என்ன எரிந்தது? கேட்க வேண்டியதே இல்லை. 14.2 கிலோ சிலிண்டருக்கு ஒரே தடவையில் கொடுக்க வேண்டிய பணம் ஒரு கூலிக் குடும்பத்துக்குப் பல நாள் கூலி. சுள்ளியோ பொறுக்கினால் வரும். பெண்ணின் உழைப்புக்கு யாரும் விலை போடாததால் அது “இலவசம்” எனப்படுகிறது.

அரசு இதைப் புரிந்துகொண்டது. சிறிய 5 கிலோ சிலிண்டர் எடுத்துக்கொள்ள வழி செய்தது. 2020இல் கொரோனாக் காலத்தில் மூன்று சிலிண்டர்கள் வரை இலவசமாகக் கொடுத்தது. 2022 மே மாதம் உஜ்வலாக் குடும்பத்துக்குச் சிலிண்டருக்கு ரூ. 200 மானியம் அறிவித்து, 2023 அக்டோபரில் ரூ. 300 ஆக்கியது. சராசரி மெல்ல ஏறி, 2024-25இல் நாலரைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் இன்னும் பாதி வழி.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய பரிசோதனை

எரிவாயுவைத் தட்டுப்பாடில்லாமல் கொடுத்து, விறகை முழுவதும் நிறுத்தினால் குழந்தைகள் பிழைப்பார்களா? இந்தக் கேள்விக்கு நேரான பதிலைத் தேடி குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஒரே முறையில் பரிசோதனை நடந்தது. நாட்டுக்கு 800 என்று 3,200 கர்ப்பிணிப் பெண்கள் சேர்ந்தார்கள். இந்தியாவின் பகுதி நடந்தது நம் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிக் கிராமங்களில். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் இங்கே அதை முன்நின்று நடத்தினார். சீட்டுப்போட்டதுபோல் பாதிப் பேரைத் தெரிந்தெடுத்து, கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை அடுப்பும் கேஸும் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

பெண்கள் கேஸை உண்மையாகவே உபயோகித்தார்கள். கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் விறகு வீடுகளில் 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. கேஸ் வீடுகளில் 24. கிடைத்தால் உபயோகிக்கமாட்டார்கள், பழக்கத்தை விடமாட்டார்கள் என்ற பேச்சு இதோடு ஓய்ந்திருக்க வேண்டும். தட்டுப்பாடும் விலையும்தான் தடை.

ஆனால் அடுத்த முடிவு எல்லாரையும் அடக்கிவிட்டது. 2022இல் வெளியானபடி, பிறந்த குழந்தைகளின் எடையில் இரு பிரிவுக்கும் சுமார் 20 கிராம்தான் வித்தியாசம். அது தற்செயலாகவும் இருக்கலாம். 2024இல் வெளியானபடி, கடுமையான நிமோனியாவும் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமே.

இதை நாம் மறைக்கக்கூடாது. “ஒரு கேஸ் அடுப்பு ஒரு குழந்தையை நிமோனியாவிலிருந்து காப்பாற்றும்” என்று நன்கொடைக் கடிதத்தில் எழுதுவது சுலபம். ஆனால் இந்தப் பரிசோதனைக்குப் பிறகு அப்படி எழுதுவது நேர்மையல்ல. குழந்தையின் நிமோனியாவுக்குப் பல கதவுகள் உண்டு. போஷாக்குக் குறைவு, குறைப்பிரசவம், தாய்ப்பால் நிறுத்தம், தடுப்பூசி போடாமை எல்லாம் அதில் சேரும். நிமோகாக்கல் தடுப்பூசி இந்தியாவில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதற்கும் வந்தது. அந்த ஊசியைத் தவறாமல் போடச் செய்வதற்கு உங்கள் ஐந்நூறு ரூபாய் உதவுமானால், குழந்தையின் மார்புக்கு அது நிச்சயமான காவல்.

அப்படியானால் கேஸ் வேண்டாமா? வேண்டும். இருபது முப்பது வருஷம் புகையைச் சுவாசித்த தாய்க்கு ஐம்பது வயதில் வரும் மூச்சிரைப்பை ஒன்றரை வருஷப் பரிசோதனையால் அளக்க முடியாது. கண்ணெரிச்சலும் தலைவலியும் குறைவதை எந்தத் தாயும் சாட்சி சொல்வாள். சுள்ளி பொறுக்கப் போகும் மணிநேரங்கள் மிச்சமாகும். பாம்புக் கடிக்கும் முள்ளுக்கும் தப்பலாம். பெண்பிள்ளை பள்ளிக்கு நேரத்தோடு போகலாம். இவை சிறியவையல்ல.

பொது இடத்துக்குச் சட்டம் உண்டு

வீட்டுக்குள் நுழையாத சட்டம் பொது இடத்துக்குள் நுழைந்திருக்கிறது. பொது இடத்தில் புகைபிடிப்பதை 1999இல் கேரள உயர்நீதிமன்றம் தடைசெய்தது. 2001இல் உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. 2003இல் புகையிலைச் சட்டம் வந்து, 2008 அக்டோபர் 2 முதல் ஆஸ்பத்திரி, பள்ளி, ஹோட்டல், அலுவலகம் எல்லாவற்றிலும் தடை கடுமையானது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பீடி பற்றவைத்த காலத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அதே மனிதர் வீட்டுத் திண்ணையில் பேரனை மடியில் வைத்துப் புகைத்தால் கேட்க ஆள் இல்லை. மனைவியோ மருமகளோதான் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஆஸ்பத்திரிகளில் முதல் மாற்றம் ஒரு கேள்வி. “வீட்டுல எதுலம்மா சமையல்?” என்று நர்ஸ் கேட்டால், “கேஸ் இருக்குது சிஸ்டர்” என்று பதில் வரும். உண்மையும் அதுதான், இருக்கிறது. “போன சிலிண்டர் எப்பம்மா வந்துச்சு?” என்று கேட்டால் கதை மாறும். “அது... பொங்கலுக்கு முன்னால வாங்குனது.” இந்த இரண்டாம் கேள்வியை நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் வந்தால், மூச்சு வியாதிக்காரரின் சிகிச்சை வேறு திசையில் போகும். ஸ்பைரோமீட்டர் என்ற ஊதிப்பார்க்கும் கருவியும் வேண்டும். அது இல்லாமல் பல தாய்மாருக்கு “ஆஸ்துமா” என்றே பெயரிட்டு வருஷக்கணக்கில் மாத்திரை கொடுக்கிறோம்.

இணைப்பு வாங்கிக் கொடுப்பது அரசு பெரும்பாலும் செய்து முடித்த வேலை. சபையும் பெண்கள் ஐக்கியச் சங்கமும் கை கொடுக்கக்கூடிய இடம் இரண்டாவது சிலிண்டர். மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து சிலிண்டருக்கென்று சிறுகடன் கொடுத்துத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம். 5 கிலோ சிலிண்டரைப் பற்றித் தெரியாத குடும்பங்கள் அநேகம். மானியம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று தெரியாமல் விட்டவர்களும் உண்டு. ஆதார் இணைப்பைச் சரிபார்த்துக் கொடுக்க ஒரு வாலிபனுக்கு அரை மணி நேரம் போதும்.

விறகை விடவே முடியாத வீட்டில், அடுப்பைக் கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவது, விறகை ஒரு வாரம் வெயிலில் காயவைப்பது, சுவருக்கு மேல் கூரையடியில் இடைவெளி விடுவது ஆகியவை காசில்லாமல் செய்யக்கூடியவை. பலன் கொஞ்சம்தான், இல்லாததைவிட மேல். அசனத்துக்கு ஆலய வளாகத்தில் பெரிய அடுப்புகள் மூட்டும்போதும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வையுங்கள். பந்தியில் முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் புகைக்கு எதிர்ப்பக்கம் உட்காரட்டும்.

பிரசவித்த வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் பாட்டிமார் அன்போடு செய்துவரும் பழக்கம். அடைத்த அறையில், தணலுக்கு மேல், நாற்பது நாள் குழந்தையின் மூக்கருகே போகும் அந்தப் புகையிலும் விறகுப் புகையில் இருக்கும் அதே நுண்துகள்தான் இருக்கிறது. கொசுவத்திச் சுருளும் அப்படியே. பாட்டியைக் கடிந்துகொள்ள வேண்டாம். தலையை மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, கொசுவலைக்குள் குழந்தையைப் படுக்கவைக்கும் வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், தடுப்பூசி அட்டையைக் கொடுக்கும்போதே இதையும் பாட்டிக்கு எதிரில் சொல்லி அனுப்புவது நல்லது. தாய்க்கு மட்டும் சொன்னால் வீட்டில் அது செல்லாது.